வட்டத்துக்கு ஏது இடது வலது

பட்டறையில் என்னைப் பாதி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. யாராவது அதை உரக்கப் படித்தால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை. எதை வரைந்தாலும் பாதியை மட்டும் வரைந்துவிட்டு மீதியைக் கணினியின் தலையில் கட்டுகிறவன் என்பதால் எங்கள் ஃபிட்டர் வைத்த பெயர் அது. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. இருபது வருடமாக நான் செய்வது அதைத்தான்.

இந்தக் குணம் கணினியால் வந்தது என்று பழிபோட ஆசைதான். ஆனால் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஓவிய வகுப்பில் வண்ணத்துப்பூச்சி வரையச் சொன்னால், தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் மட்டும் ஒரு சிறகை மையால் தீட்டுவேன். ஈரம் காயும் முன் அழுத்தித் திறந்தால் முழுப் பூச்சி. ஆசிரியர் என் தாளை வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினார். அன்றைக்கு அவர் தலையில் ஒரு குட்டு வைத்திருந்தால் நான் உருப்பட்டிருப்பேன்.

வீட்டில் நானும் அக்காவும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுவோம். நான் அவளுக்கு இடப்பக்கம். எழுதத் தொடங்கினால் எங்கள் முழங்கைகள் முட்டிக்கொள்ளும், உடனே சண்டை. கடைசியில் அம்மா எங்களை இடம் மாற்றி உட்காரவைத்தாள். அதன் பிறகு முழங்கைகள் முட்டவில்லை. ஏன் முன்பு முட்டின, ஏன் பிறகு முட்டவில்லை என்று எனக்குக் கேள்வியே எழவில்லை. யோசிக்கிற இலாகா முழுவதும் அக்காவுடையது.

அக்காவுக்கு மூன்று வயதிலேயே இரண்டு கால்களும் போய்விட்டன. அதைப் பற்றி அவள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. கால்களின் பங்கையும் சேர்த்துக் குரலுக்குக் கொடுத்துவிட்டார்கள்போல. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்தப் பேருந்து எந்தத் தடத்தில் நிற்கிறது, எது எப்போது கிளம்பும், யாருடைய பை யாரிடம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்வாள். நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் பட்டறை. மாடியில் என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அவள் குரல் உள்ளே வந்துவிடும். இருபது வருடமாக அக்கா சொல்லித்தான் எனக்கு மணி தெரியும்.

எங்கள் பட்டறையில் சக்கர நாற்காலி, மருத்துவமனைக் கட்டில், கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஆகியவற்றைச் செய்கிறோம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் பிறர் வரைந்ததைத் திருத்திக்கொண்டிருந்தேன். நானே முழுதாக வரைந்த முதல் வண்டி அக்காவுக்கு. வலப்பக்கம் சுழற்றுகிற கைப்பிடி. அதிலிருந்து செயின் இறங்கிப் பின்சக்கரத்துக்குப் போகும். இடக்கையால் முன்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வண்டி வந்த அன்று அவள் தெருமுனைவரை தனியாகப் போய்த் திரும்பினாள். அதுவரை அவளை யாராவது தூக்கினார்கள், அல்லது தள்ளினார்கள். நான் ஏதோ விமானம் செய்து கொடுத்தவனைப்போல ஒரு வாரம் நடந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மென்பொருளில் மிரர் என்ற வசதியைக் கண்டுபிடித்தேன். ஒரு பாகத்தை வரைந்துவிட்டு, ஒரு தளத்தைத் தொட்டுக்காட்டி, மிரர் என்று சொன்னால் போதும். புதிதாக ஒரு கோப்பு திறக்கும். வலது செருப்புக்கு இடது செருப்புபோல நம் பாகத்தின் ஜோடி அதில் நிற்கும். தனிக் கோப்பு, தனிப் பெயர். ஆனால் மூலத்தோடு ஓர் இணைப்பு இருக்கும். மூலத்தில் ஒரு துளையை நகர்த்தினால் ஜோடியிலும் அது நகரும். ஜோடி தன் இஷ்டத்துக்கு எதையும் நகர்த்த முடியாது. இந்த இணைப்பு வேண்டுமா என்று கணினி ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கேட்கும். நான் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று அழுத்துவேன். கேள்வியைப் படித்துவிட்டு அழுத்தினேன் என்று சொன்னால் அது பொய்.

போன வருடம் அக்காவின் வலது தோள் மக்கர் செய்தது. இருபது வருடமாகச் சுழற்றிச் சுழற்றி மூட்டு தேய்ந்துவிட்டதாம். வலக்கையால் லேசாக எதையாவது திருப்பலாம், ஆனால் பாரமாகச் சுழற்றுவது இனி கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா மூன்று மாதம் விடுப்பு எடுத்தாள். நிலையத்தில் அதற்குள் ஒரு பதிவுக் குரலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஊர்ப் பெயர்களை எல்லாம் மருந்துப் பெயர்களைப்போல வாசித்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அக்கா வேலைக்கு வராவிட்டால் அந்தக் குரலே நிரந்தரம் என்று கடிதமும் வந்தது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அக்கா வேலைக்குப் போகிற நேரமும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரமும் ஒன்று. வேன் வேலையை விட்டுவிடுகிறேன், தினமும் உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அக்கா சம்மதிக்கவில்லை. மோட்டார் வைத்த வண்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து காட்டினார். அது அவர்கள் வீட்டுச் சந்துக்குள் திரும்ப மறுத்தது. மூன்று வீட்டுச் சுவரில் கீறல் போட்டதுதான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் நான் என் வாயைத் திறந்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கவலையாக உட்கார்ந்திருந்தோம். வலப்பக்கம் இருக்கிறதெல்லாம் இடப்பக்கம் வந்துவிட்டால் தீர்ந்தது, இடக்கையால் சுழற்றலாம், வலக்கையால் லேசாகத் திருப்பலாம் என்றேன். அதற்கு எத்தனை நாளாகும் என்று மாமா கேட்டார். நான் சுட்டுவிரலைத் தூக்கி மேசையில் ஒரு தட்டு தட்டினேன்.

“ஒரே கிளிக், மாமா. டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சொன்னபடியே செய்தேன். மறுநாள் காலையில் மொத்த வண்டியையும் திறந்தேன். நாற்பத்து மூன்று பாகங்கள். எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்து மிரர் என்றேன். திரையில் இடக்கை வண்டி வந்து நின்றது. ஒவ்வொரு பாகத்தின் பெயருக்கும் பின்னால் ‘இடது’ என்று கணினியே சேர்த்துக்கொண்டது. உண்மையிலேயே டீ ஆறவில்லை. சூடாகக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஃபிட்டர் பாகப் பட்டியலோடு மாடி ஏறி வந்தார். சந்தேகம் இருந்தால் ஒழிய மாடி ஏறுகிற ஆள் அவர் இல்லை. பட்டியலில் ஒரு வரியை விரலால் காட்டினார். ‘ஃப்ரீவீல், இடது, ஒன்று.’ ஃப்ரீவீல் என்றால், சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கிறதே, டிக் டிக் என்று சத்தம் வருமே, அந்தப் பல்சக்கரம். ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் சுற்றினால் வழுக்கும். அதைக் கடையில் வாங்குகிறோம். கடையில் ஒரே மாதிரிதான் இருக்கிறது, இடது என்று ஒன்று இல்லவே இல்லை என்றார் ஃபிட்டர்.

அப்போது நான் சொன்ன பதிலைக் கல்லில் வெட்டிப் பட்டறை வாசலில் வைக்கலாம்.

“வட்டத்துக்கு ஏது அண்ணே இடது வலது? இருக்கறத மாட்டுங்க.”

அவர் ஏதோ கேட்க வந்து, படித்தவன் சொல்கிறான் என்று இறங்கிப் போய்விட்டார். அவர் என்னை மதித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஒன்றாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. நீலப் பெயின்ட், புது இருக்கை உறை. எதிர்வீட்டு மாடியில் நான்கைந்து பேர் நின்று பார்த்தார்கள். நான் வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா ஏறி உட்கார்ந்து, இடக்கையால் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சுழற்றினாள்.

டிக் டிக் டிக் டிக் என்றது. கைப்பிடி காற்றாடிபோல் சுற்றியது. வண்டி அசையவில்லை. எண்ணெய் போதவில்லை என்றேன். ஃபிட்டர் என்னைப் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைப் பார்த்தார். அக்கா கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுழற்றினாள். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது, நேராகப் பின்னால். பின்னால் நின்ற மாமா துள்ளிக் குதித்தார்.

அக்கா தன் வேலைக் குரலை எடுத்தாள். “பயணிகள் கவனிக்கவும். வண்டி பின்னால் வருகிறது. பின்னால் நிற்பவர்கள் விலகி நிற்கவும்.”

மாடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் புரியாததால் சிரிக்க முடிந்தது. மாமா திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளிவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்று பின்னாலிருந்து தள்ளினார். வண்டி முன்னே உருள, கைப்பிடி தானாகவே சுற்ற ஆரம்பித்து அக்காவின் மணிக்கட்டில் பட்டென்று அடித்தது. யாரும் தள்ளாமல் ஓடுவதற்குச் செய்த வண்டி, யாராவது தள்ளினால் மட்டும் உற்சாகமாக வேலை செய்தது.

அப்போது மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. வண்டி பின்னால்தானே போகிறது, இருக்கையைத் திருப்பிப் போட்டுவிட்டால் பின் என்பது முன் ஆகிவிடுமே என்றார். எனக்கு அது அபாரமாகத் தோன்றியது. இத்தனைக்கும் வடிவங்களைத் திருப்புவதுதான் என் தொழில். ஃபிட்டரும் நானும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, இருக்கையைத் திருப்பி மாட்டி, அக்காவை உட்காரவைத்தோம். ஃபிட்டர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார். திரும்பி உட்கார்ந்த அக்காவுக்குக் கைப்பிடி இப்போது வலப்பக்கம் இருந்தது. திருப்புகிற கம்பி முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அக்கா வலது தோளைத் தடவிக்கொண்டே கைப்பிடியைப் பார்த்தாள்.

“இருபது வருஷமா எங்க இருந்துச்சோ அங்கயே கொண்டுவந்துட்ட. யாரும் தள்ளாம போகணும்டா எனக்கு. வேற எதுவும் நான் கேக்கல. நீ விரலத் தட்டிட்டு வந்து நிக்கற.”

எனக்கு முகம் எரிந்தது. மாடியில் இருந்தவர்கள் நாகரிகமாக உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் நின்று சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஃபிட்டர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். வண்டியைத் திருப்பி எடுத்துப்போவதற்குப் பட்டறை ரசீதில் ஒரு கையெழுத்து வேண்டும். ரசீதை அக்காவிடம் நீட்டினேன். அவள் பேனாவை இடக்கையில் வாங்கி, தாளைச் சாய்த்து வைத்து, சரசரவென்று கையெழுத்துப் போட்டாள்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மேசையும் முட்டிக்கொண்ட முழங்கைகளும் அம்மா எங்களை இடம் மாற்றியதும் நினைவுக்கு வந்தன. பிறந்ததிலிருந்து அக்கா இடக்கைக்காரி. இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், தெரியும். என் பெயர் தெரிவதுபோல் தெரியும். ஆனால் அந்த முதல் வண்டியை வரைந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து, என் வலக்கையைக் காற்றில் சுழற்றிப் பார்த்து அளவெடுத்தேன். அவள் பலமான கைக்குத் திருப்புகிற சில்லறை வேலை, பலம் குறைந்த கைக்கு இருபது வருடச் செக்கு. தோள் தேய்ந்தது விதியும் இல்லை வயதும் இல்லை, நான்தான்.

“அப்பவே இடப்பக்கம் போடச் சொல்லியிருக்கலாமே, அக்கா?”

“நீ கேக்கல. அதுவுமில்லாம, நீ மொதமொத வரைஞ்சது. எப்படிடா சரியில்லைன்னு சொல்றது?”

ரசீதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் ஒரு பாகத்துக்கு அளவெடுக்க, அந்தப் பாகத்தைப் பிடிக்கப்போகும் கையைத் தேடிப் போனது அதுவே முதல் முறை. தோளிலிருந்து உள்ளங்கைவரை அளந்தேன். எதிலும் மிச்சம் வைக்காமல் இரண்டு கைகளையும் அளந்தேன். இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றை எழுதினால் போதும் என்று பழைய புத்தி சொன்னது. இல்லை. வலது தோள் தாழ்ந்து முன்னே வந்திருந்தது, உடம்பு கொஞ்சம் சாய்ந்து போயிருந்தது. இடக்கைக்குக் கைப்பிடி மூன்று சென்டிமீட்டர் மேலேயும் நான்கு சென்டிமீட்டர் கிட்டேயும் வர வேண்டும். அக்காவின் இடப்பக்கம் அவள் வலப்பக்கத்தின் ஜோடி இல்லை.

பட்டறைக்கு வந்து ஒரு தாளில் நாற்பத்து மூன்று பாகங்களையும் கையால் எழுதினேன். அக்காவின் உடம்பில் படுகிற பாகங்கள் ஒரு பக்கம், தரையைச் சேர்ந்தவை மறுபக்கம். கைப்பிடி, அதைத் தாங்கும் பாகம், முழங்கை வைக்கும் பலகை, திருப்புகிற கம்பி, இவைதான் பக்கம் மாற வேண்டும். வலப்பக்கத்துக்கென்று செய்த ஃப்ரீவீலை இடப்பக்கம் மாட்டினால் அது பின்னால் சுற்றும்போதுதான் பிடிக்கும். அதனால் செயினும் ஃப்ரீவீலும் பின்சக்கரமும் வலப்பக்கம் எப்போதும்போல் ஓடட்டும். இடப்பக்கக் கைப்பிடியிலிருந்து இருக்கைக்கு அடியில் குறுக்கே ஒரு தண்டு போய் வலப்பக்கச் செயினைச் சுற்றினால் போதும். கீழே போய் ஃபிட்டரிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கி நேராக ஒரு முறை, தலைகீழாக ஒரு முறை பார்த்தார். இந்த முறை வட்டங்களை எல்லாம் விசாரித்தாயா என்று கேட்டார். விசாரித்தேன் என்றேன். நடுவில் ஒரு பேரிங் அதிகம் வை, இல்லாவிட்டால் தண்டு வளையும் என்றார். வைத்தேன்.

பிறகு திரையின் முன் உட்கார்ந்தேன். கைப்பிடியைத் தாங்கும் பாகத்தை மிரர் செய்து, மூன்று சென்டிமீட்டர் ஏற்றப் போனேன். முடியாது, மூலத்தில் போய் மாற்று என்றது கணினி. மூலத்தில் மாற்றினால் பட்டறை செய்கிற எல்லா வலக்கை வண்டிகளுக்கும் கைப்பிடி ஏறிவிடும். இருபது வருடமாக ஆமாம் ஆமாம் என்று நான் அழுத்திய கேள்வியைத் தேடிப்போய் முதல் முறையாகப் படித்தேன். இணைப்பைத் துண்டித்தால் இனி மூலத்தின் மாற்றம் எதுவும் இதற்கு வராது, இந்தப் பாகத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், சரியா என்று கேட்டது. ஒரு சின்ன பொத்தான். அதை அழுத்த எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. டீ ஆறிப் போனது. அழுத்திவிட்டு, இடக்கைப் பாகத்தை ஒவ்வொரு கோடாக, அக்காவின் அளவுக்கு வரைந்தேன். அடுத்த ஆறு நாளும் அந்தச் சில பாகங்கள்தான் என் வேலை. முதலாளி எட்டிப் பார்த்து, பாதிக்கு உடம்பு சரியில்லையா என்று ஃபிட்டரிடம் கேட்டாராம்.

முப்பதாம் தேதி வண்டி தயாரானது. பட்டறை முற்றத்தில் நானே உட்கார்ந்து இடக்கையால் ஓட்டிப் பார்த்தேன். முன்னால் போனது. ஆனால் கைப்பிடி கைக்கு எட்டாமல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஃபிட்டருக்கு அதில் பரம திருப்தி, இது உனக்குச் செய்ததில்லையே என்றார். மாலையில் வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். காலையில் நான் கூடவே நடந்து வருகிறேன், சந்தின் முனைவரைக்குமாவது என்று கேட்டேன். வந்தால் வண்டியை நிறுத்தமாட்டேன், உன் காலில் ஏற்றிவிட்டுத்தான் போவேன் என்றாள் அக்கா.

ஒன்றாம் தேதி ஏழரைக்கே பட்டறைக்கு வந்து ஜன்னலைத் திறந்துவைத்தேன். எட்டு மணிக்கு முதல் அறிவிப்பு. எட்டானது. ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை. பதிவுக் குரலும் இல்லை. எட்டு இரண்டு. செயின் கழன்றிருக்கும். எட்டு மூன்று. தண்டு வளைந்திருக்கும். எட்டு நான்கு. இடக்கை ஓய்ந்து நடுத்தெருவில் உட்கார்ந்திருப்பாள், யாரோ தள்ளிக்கொண்டு வருவார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். ஃபிட்டர் கூப்பிடாமலே மாடி ஏறி வந்து ஜன்னலோரம் நின்றார்.

எட்டு ஏழுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு குரல்.

“பயணிகள் கவனிக்கவும். மூன்றாம் தடத்தில் பேருந்து பின்னால் வருகிறது. பின்னால் நிற்பவர்கள் விலகி நிற்கவும்.”

“உன்னைத்தான் திட்டறாங்க, பாதி” என்றார் ஃபிட்டர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் முழுதாகவே செய்தேன்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போய், என்ன குறை என்று எழுதிக்கொள்ளத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். குறை ஏதும் இல்லாமல் ஏழு நிமிடம் தாமதமாகுமா? செயின் இறுகுகிறதா, கைப்பிடி வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். இடது உள்ளங்கையைப் பிரித்துக் காட்டினாள். புதிதாகச் சிவந்திருந்தது. அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினாள்.

“வழியில அஞ்சு பேரு தள்ளிவிடட்டுமான்னு கேட்டாங்க. அஞ்சு பேருக்கும் நின்னு வேணாம்னு சொன்னேன். அதுக்குத்தான் ஏழு நிமிஷம்.”